அம்மாவின் கணக்கு

புதன்கிழமை தடுப்பூசி நாள். எங்கள் துணை சுகாதார நிலையத்து வராந்தாவில் வெயில் ஏறுவதற்குள் தாய்மார்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். போன மாசியில் ஒரு புதன்கிழமை, ஊசி போட்ட பிள்ளைகளின் அழுகை ஓய்ந்துகொண்டிருந்த நேரம். எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்த ஒரு சின்னப்பெண், இடுப்பில் ஐந்து மாதக் குழந்தையோடு என் மேசையருகே வந்தாள். "அக்கா, இத ஒருக்க பாருங்களேன்" என்று போனை நீட்டினாள்.

வீடியோவில் குழந்தை பாயில் மல்லாந்து கிடந்தது. அப்போதுதான் தூங்கி எழுந்த முகம். திடீரென்று தலை முன்னால் குனிந்தது. இரண்டு கைகளும் விரிந்து முன்னால் வந்தன. முழங்கால்கள் வயிற்றை நோக்கி மடங்கின. ஒரு நொடிதான், உடம்பு தளர்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்துக்குள் மறுபடி அதே குனிவு. அப்புறம் மறுபடி. பின்னாலிருந்து ஒரு கிழவியின் குரல் கேட்டது: "பாரு பாரு, சாமி கும்பிடுதான்!"

எங்கள் ஆச்சி செத்துப்போய் எவ்வளவோ வருஷமாகிறது. ஆனால் அந்த வார்த்தை எங்கள் ஆச்சி சொன்ன வார்த்தை. தம்பி ஐந்தாம் மாதத்தில் முதன்முதலாக அப்படிக் குனிந்தபோது ஆச்சி கைகொட்டிச் சிரித்து, தோரணமலை முருகனைத்தான் பிள்ளை கும்பிடுகிறான் என்று தெருவுக்கே சொன்னாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். சிரிக்காதது அம்மா மட்டும்தான்.

கடையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்கு விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலை. அம்மா, அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாரையும் போல, பீடி சுற்றினாள். மடியில் சுளகு, சுளகில் வெட்டிய இலை, ஓரத்தில் தூள், விரல் நுனியில் நூல். நான் பிறந்து பத்து வருஷம் கழித்துத் தம்பி பிறந்தான். பிறந்ததும் அவன் அழவில்லை. நீலம் பாரித்துக் கிடந்தானாம். தட்டி, தடவி, ரொம்ப நேரத்துக்கு அப்புறம்தான் அழுகை வந்ததாம். அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பால் குடித்தான். முகம் பார்த்துச் சிரித்தான். பள்ளிக்கூடம் விட்டு நான் ஓடிவரும் சத்தம் கேட்டதும் தொட்டிலுக்குள் கால் உதைப்பான்.

குனிவு வந்த சில நாளிலேயே அந்தச் சிரிப்பு போய்விட்டது. அதை முதலில் கண்டதும் அம்மாதான். "இவன் என்னய பாக்க மாட்டேங்கான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கண் திறந்திருக்கும், எதிரில் முகத்தைக் கொண்டுபோனால் அதைத் தாண்டி எங்கேயோ பார்ப்பான்.

வீட்டில் என்னென்னவோ செய்தார்கள். உரம் விழுந்திருக்கும் என்று சேலையில் போட்டு உருட்டினார்கள். தொக்கம் எடுக்கிறவளிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். வசம்பு சுட்டு உரைத்துக் கொடுத்தார்கள். பொட்டல்புதூர் பள்ளிவாசலில் ஓதி, கையில் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு ஒன்றென்றால் எந்த மதத்துக்காரரும் போகிற இடம் அது. வயிற்றில் சூடு போடலாம் என்று ஒருத்தர் சொன்னபோது மட்டும் அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள். இன்றைக்கும் எங்கள் வட்டாரத்தில் அபூர்வமாக ஏதாவது ஒரு பிள்ளையின் வயிற்றில் அந்தத் தழும்பைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் அந்தச் சாத்திய கதவை நினைத்துக்கொள்வேன்.

பக்கத்து டவுனில் ஒரு டாக்டரிடமும் காட்டினோம். அவர் குழந்தையைப் பார்த்த நேரத்தில் அவன் குனியவே இல்லை. "வயித்து வலிம்மா. வயித்து வலி வந்தா பிள்ளைங்க இப்படித்தான் காலை மடக்கும்" என்று ஒரு தைலத்தை எழுதிக் கொடுத்தார். "வயித்து வலின்னா அழணும்லா சார்? இவன் முடிஞ்ச பெறவுல்லா அழுதான்" என்று அம்மா கேட்டாள். அவர் அடுத்த சீட்டைக் கூப்பிட்டுவிட்டார். நான் நர்ஸ் படிப்பு படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, அம்மா கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று.

அன்றிலிருந்துதான் அவள் எண்ணத் தொடங்கினாள். பீடிக்காரிக்கு எண்ணுவது மூச்சு விடுகிற மாதிரி. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு; வாழ்நாளெல்லாம் அந்தக் கணக்கில் ஊறிய கை. தம்பியின் குனிவையும் அவள் அப்படியே எண்ணி, பீடிக்கடை பாஸ்புக்கின் கடைசித் தாளில் கோடு கோடாகப் போட்டாள். காலையில் எழுந்ததும், மத்தியானத் தூக்கம் கலைந்ததும், விளக்கு வைக்கும்போது என்று தனித்தனி வரிசை. தூங்கி எழும்போதுதான் வருகிறது, ஒன்றாக வருவதில்லை, கொத்தாக வருகிறது என்பதை அந்தக் கோடுகளை வைத்தே கண்டுபிடித்தாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள்.

அப்புறம் அவள் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு விம்முகிறது. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவானது. அப்பாவுக்கு ஷிப்ட், ஆச்சியும் நானும் துணை. கடையத்தில் செங்கோட்டை பாசஞ்சர் ஏறினோம். அது சின்னப் பாதை ரயில், ஆடி ஆடிப் போகும், எந்தப் பிள்ளைக்கும் தூக்கம் வந்துவிடும். அம்மா அவனைத் தூங்கவிடவில்லை. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள், உள்ளங்காலைச் சொறிந்தாள், ஜன்னல் காற்றில் தூக்கிப் பிடித்தாள். பிள்ளையைப் போட்டு ஏன் இந்தப் பாடு படுத்துகிறாய் என்று எதிர் இருக்கை ஆள் கேட்டார். அம்மா பதிலே சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்ததும் பால் கொடுத்து மடியில் போட்டாள். அவன் அசந்து தூங்கினான். எங்கள் முறை வந்தது. அம்மா பின்னால் இருந்த பெண்ணைப் பார்த்து, "நீங்க போங்க தாயீ" என்றாள். அடுத்தவளையும் அனுப்பினாள். ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏளா, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?" அம்மா குழந்தையின் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல தூக்கம் ஆனது என்று தெரிந்த பிறகு எழுந்து உள்ளே போனாள். டாக்டரம்மாவின் மேசைமேல் அவனைக் கிடத்தி, மெதுவாகத் தட்டி எழுப்பினாள். "இப்ப பாருங்கம்மா" என்றாள்.

கண் திறந்தான். குனிந்தான். மறுபடி குனிந்தான்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்து அறையில் இருந்த படிக்கிற பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டார். எல்லாரும் சுற்றி நிற்க, முடியும்வரை ஒருவரும் பேசவில்லை. "தினம் எவ்வளவு வருதும்மா?" என்று கேட்டார். "காலையில எந்திச்சதும் ஒரு கட்டு. மத்தியானம் அரைக்கட்டு" என்றாள் அம்மா. அவருக்குப் புரியவில்லை. நான்தான், "ஒரு கட்டுன்னா இருபத்தஞ்சு" என்று சொன்னேன். பிறகு அம்மா பாஸ்புக்கை எடுத்து நீட்டினாள். அந்த அம்மாள் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். அரசு ஆஸ்பத்திரியில் எங்களுக்கு நாற்காலி போட்டது அதுதான் முதல் தடவை.

அந்தக் குனிவுக்குப் பெயர் இருக்கிறது என்பதும், அந்தப் பெயர் ஒரு தகப்பனுடையது என்பதும் பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் இங்கிலாந்தில் கென்ட் பகுதியில், டன்பிரிட்ஜ் என்ற ஊரில் மருத்துவராக இருந்தவர். 1841இல் 'தி லான்செட்' மருத்துவ இதழுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். நோயாளி அவருடைய சொந்த மகன், ஒரு வயதுக் குழந்தை. நான்காம் மாதத்தில் தொடங்கிய குனிவு. ஒரு தடவை வந்தால் பத்து, இருபது என்று தொடர்கிறது. பிள்ளைக்கு முகத்தில் சிரிப்பில்லை, எதையும் கவனிப்பதில்லை. அட்டை விட்டுப் பார்த்திருக்கிறார், அபின் கலந்த மருந்தும் கொடுத்துப் பார்த்திருக்கிறார். லண்டனுக்குக் கொண்டுபோய்ப் பெரிய மருத்துவர்களிடம் காட்டியிருக்கிறார். அங்கே சர் சார்லஸ் கிளார்க் என்பவர் இதற்கு வைத்திருந்த பெயர் 'சலாம் வலிப்பு'. எங்கள் ஆச்சிக்குக் கும்பிடாகத் தெரிந்தது அவருக்குச் சலாமாகத் தெரிந்திருக்கிறது. யாருக்காவது இதைப் பற்றித் தெரிந்தால் சொல்லுங்கள் என்று மருத்துவ உலகத்தையே கேட்ட கடிதம் அது. உதவுகிற மருந்து என்று ஒன்று தெரியவர 1958 வரை ஆனது, ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசியால் குனிவு நிற்பதை அந்த வருஷம் எழுதினார்கள். அதற்குள் தகப்பனும் இல்லை, மகனும் இல்லை. வெஸ்ட் 1848இல் இறந்துபோனார். மகன் இருபது வயது வரை வாழ்ந்து, கடைசியில் ஒரு காப்பகத்தில் இருந்திருக்கிறான்.

தகப்பன் முதலில் போய்விட்டான், பிள்ளை பின்னால் இருந்தான். அந்த ஒரு வரியைப் படித்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தம்பிக்கு மதுரையில் இ.இ.ஜி. எடுத்தார்கள். மூளையின் மின்னலைகள் தாறுமாறாக எழுந்து விழுந்திருந்த அந்தத் தாளை டாக்டரம்மா அம்மாவுக்குக் காட்டி விளக்கினார். பிறந்தபோது மூளைக்குக் காற்று போதாமல் போனதன் விளைவு என்றார். ஊசிக்கு எங்களால் விலை கொடுக்க முடியவில்லை. அதனால் ஸ்டிராய்டு மாத்திரை. பொடித்துப் பாலில் கலந்து காலையில் கொடுக்கவேண்டும், சொல்லாமல் நிறுத்தக் கூடாது, சளி காய்ச்சல்காரர்களை அண்டவிடக் கூடாது. அம்மா அப்படியே செய்தாள். வாசலில் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டுவிட்டாள், சொந்தக்காரர்களுக்கும் அதுதான் எல்லை.

மாத்திரையால் தம்பியின் முகம் உப்பிப் போனது. பெஞ்சுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள், "பிள்ள நல்லா கொழுகொழுன்னு தேறிட்டானே" என்றார்கள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கட்டு அரைக்கட்டானது. பிறகு ஏழெட்டுக் கோடு. ஒருநாள் காலை வரிசை வெறுமையாக இருந்தது. அம்மா அந்த இடத்தில் ஒரு சுழி போட்டாள். அதற்கப்புறம் பக்கமெல்லாம் சுழிகள்தான். சில வாரம் கழித்து, நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைப் போட்ட சத்தத்துக்குத் தொட்டில் அசைந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். அவன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். உப்பிய கன்னத்துக்கு நடுவில் சின்னதாக ஒரு சிரிப்பு.

குனிவு நின்றது. ஆனால் இடையில் போன மாதங்கள் போனவைதான். தம்பி நடக்கவில்லை. சில சத்தங்கள் வரும், பேச்சு வரவில்லை. வேறு மாதிரி வலிப்பு எப்போதாவது வந்தது. அதற்கான சிரப் தினமும் தொடர்ந்தது. இதை டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்ன நாளிலிருந்து அப்பா மில்லிலிருந்து நேரே வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஆற்றங்கரை மண்டபத்தில் இருட்டும்வரை உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்தால் பேச மாட்டார். ஊரார் பேசினார்கள். கிரகணத்தில் வெளியே வந்தாள், அந்தி நேரத்தில் ஆற்றுக்குப் போனாள் என்று எல்லாம் அம்மாவின் தலையில் விழுந்தது. ஒருதடவை அப்பாவின் பெரியம்மா வீட்டுக்கே வந்து அப்படிச் சொன்னபோது ஆச்சி எழுந்து நின்றாள். "எம் பேரன் எங்க குடும்பத்துப் பிள்ள. குத்தம் சொல்லணும்னா என்னயச் சொல்லு. அவளச் சொன்னா இந்த நடையில ஏறாத." மருமகளைக் கிறுக்கி என்று திட்டிய அதே ஆச்சிதான்.

அப்பாவைத் திருப்பிக்கொண்டு வந்தது ஆற்று மணல். கால் பலப்படாத பிள்ளைகளை மணலில் இடுப்பளவு குழி தோண்டி நிற்க வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாரோ சொல்ல, அப்பா ஒரு சாயங்காலம் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு தாமிரபரணிக் கரைக்குப் போனார். பிறகு பகல் ஷிப்ட் இருந்த நாளெல்லாம் போனார். மணலை அள்ளி அள்ளிப் போடும்போது தம்பி வாய்விட்டுச் சிரிப்பான். கால் பலப்படவில்லை. ஆனால் அதுவரை தொட்டிலை எட்டி நின்று பார்த்த மனிதர், அவனுக்கு எந்தப் பக்கம் கூச்சம், எந்தச் சத்தத்துக்குப் பயம் என்பதெல்லாம் தெரிந்தவரானார்.

ஆய்க்குடி அமர் சேவா சங்கத்துக்கு எங்களைப் போகச் சொன்னது ஒரு பஸ் கண்டக்டர். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தன் சொந்த ஊரில் தொடங்கிய இடம். தூரத்தில் சக்கர நாற்காலியில் அவரைப் பார்த்துவிட்டு அப்பா நின்ற நிலை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அங்கே பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், மணல் வைத்தியத்தைப் பழித்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிற்க வைப்பது நல்லதுதான், ஆனால் இடுப்பும் முதுகும் நேராக இருக்கவேண்டும் என்று மரச்சட்டம் ஒன்றைக் காட்டினார். அப்பா சாண் வைத்து அளந்துகொண்டு வந்து ஊர் ஆசாரியிடம் அதேபோல் ஒன்று செய்யச் சொன்னார். சுவர் மூலையில் சேர்த்துப் போடுகிற முக்கோண நாற்காலி ஒன்றும் அவரே செய்தார். தம்பி வளர வளர நாற்காலியும் பெரிதாகிக்கொண்டே போனது.

அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்கவே பகல் போய்விடும். பாஸ்புக்கில் பீடி குறைந்தால் வேலை போகும், பி.எஃப். போகும். எங்கள் தெருப் பெண்கள் ஆளுக்கு ஒரு கட்டு இரண்டு கட்டு அம்மாவின் பேரில் சுற்றிக் கொடுத்தார்கள். வருஷக்கணக்காகக் கொடுத்தார்கள். அதைப் பற்றி யாரும் பேசிக்கொண்டதே இல்லை. அந்தப் பெண்கள் இல்லையென்றால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். ஆனாலும் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் நான் பார்த்ததில்லை. ஒருவர் போனால் ஒருவர் வீட்டில்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது, தம்பியை அன்றைக்கு மட்டும் அத்தை வீட்டில் விடலாம் என்று சொந்தத்தில் சொன்னார்கள். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்கு நல்லது நினைத்தவர்கள்தான். "அவன ஒளிச்சு வச்சு எம் மவளக் கொடுக்க மாட்டேன்" என்றாள் அம்மா. தம்பி புதுச்சட்டை போட்டு, தன் நாற்காலியில், பட்டாசலில் எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். ஒரு வீட்டார் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள், பதில் வரவில்லை. இன்னொரு வீட்டார், இது பிள்ளைகளுக்கும் வருமா என்று கேட்டார்கள். மூன்றாவதாக வந்த அம்மாள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இவன் கேசரி சாப்பிடுவானா?" என்று கேட்டார். நாடியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு கொஞ்சமாக வைக்கவேண்டும், விழுங்கின பிறகுதான் அடுத்த வாய் என்று அம்மா காட்டினாள். அவர் அப்படியே ஊட்டினார். அந்த வீட்டுக்குத்தான் நான் வாழப்போனேன்.

போனில் வீடியோ காட்டிய பெண்ணின் மாமியாருக்கு நான் அன்றைக்கே நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது காலம் எவ்வளவோ மாறியிருக்கிறது. அந்த வீடியோவே எவ்வளவு பெரிய வரம்! அம்மா ரயிலிலும் வரிசையிலும் பட்ட பாடு முழுவதும் அந்த அரை நிமிஷத்துக்குள் இருக்கிறது. 2013இல் பிள்ளைகளுக்கான தேசியத் திட்டம் வந்தபிறகு மாவட்டத்துக்கொரு தொடக்கநிலை இடையீட்டு மையம் உண்டு. நான் போன் செய்ததில், மறுநாளே அந்தக் குழந்தையைப் பார்க்க ஏற்பாடாயிற்று. ஊசி கிடைக்காவிட்டாலும் விலை குறைந்த மாத்திரை கிடைக்கிறது, விகாபாட்ரின் என்ற மருந்தும் இருக்கிறது. நாள் கடத்தாமல் தொடங்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண் என்னிடம் வருவதற்கு முன்னால் இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறாள். இரண்டு இடத்திலும் வயிற்று வலி என்றே சொல்லியிருக்கிறார்கள். வீடியோவைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. இருபத்துநாலு மணி நேரமும் பிள்ளையைப் பார்க்கிறவள் தாய். அவள் சொல்வதைத்தான் சீட்டில் முதல் வரியாக எழுதவேண்டும். புதிதாக வேலைக்கு வரும் செவிலியர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

அப்பா சில வருஷத்துக்கு முன் காலமானார். தம்பி அன்றைக்கு நாள் முழுவதும் வாசலைப் பார்த்துச் சத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தான். அதற்குப் பிறகுதான் அம்மா வாய்திறந்து கேட்டாள், "எனக்குப் பெறவு?" என்று. பதினெட்டு வயது கடந்துவிட்டால், பெற்றவர்கள்கூடச் சட்டப்படி தானாகவே காப்பாளர் ஆக முடியாது. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்குக் காப்பாளரை நியமிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழு உண்டு. என் பெயரைக் கொடுத்து மனுப் போட்டோம்.

விசாரணைக்கு அம்மாவும் வந்தாள். முதுகு வளைந்துவிட்டது, ஆனாலும் படி ஏறும்போது என் கையைப் பிடிக்கவில்லை. தம்பியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனோம். அவன் என்ன சாப்பிடுகிறான், எப்போது தூங்குகிறான், வலிப்பு கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டார்கள். அம்மா ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்திருந்தாள். அதிகாரி எழுதி முடித்து, என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, அவ்வளவுதான் பாட்டி, போகலாம் என்றார்.

அம்மா எழுந்திருக்கவில்லை. "அய்யா, இவளுக்கும் அம்பது ஆகப்போகுது. இவளுக்குப் பெறவு யாருன்னும் இப்பவே எழுதிக்கிடுங்க" என்றாள். படிவத்தில் அதற்கு இடமில்லை என்றார் அவர். தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாமே என்று அம்மா கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார், பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தார். அம்மா சொல்லச் சொல்ல என் மகளின் பெயரை நான் எழுதினேன். எழுதிவிட்டு, "அவட்ட கேக்க வேண்டாமாம்மா?" என்றேன்.

"நேத்து ராத்திரியே கேட்டுட்டேன். சரின்னுட்டா. நீ தேதியப் போடு" என்றாள் அம்மா.